விடு என்றால் விடுகிற கை

பாறை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. அது கறுப்பாக இருக்கிறவரைக்கும் காலம் கையில் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலப்பன் ஹேண்டிலைச் சொருகி மறுபடி சுற்றினான். என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். சுற்றுகிற வலது கை அறுபத்து மூன்று வயதுக் கை, ஆனாலும் அதில் குற்றமில்லை. குற்றமெல்லாம் இடது கையில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முட்டைக்கோசு மூட்டை ஏற்றிய ஜீப்பின் மேலிருந்து விழுந்து தோள் இறுகிப்போய் நெஞ்சுக்கு மேலே எழும்பாத கையில். இந்த டீசல் என்ஜினின் தலைமேல் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. அதைத் தூக்கி வைத்தால் உள்ளே காற்று அடைபடாது, சக்கரம் லேசாகச் சுற்றும். சக்கரம் வேகம் பிடித்த அந்த ஒரு நொடியில் லீவரைக் கீழே விடவேண்டும், அப்போதுதான் காற்று இறுகி, சூடேறி, டீசல் பற்றும். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன் தானே சுற்றித் தானே விட்டுக்கொள்வான். வேலப்பன் வீட்டில் ஒன்பது வருஷமாக அவன் சுற்றுவான், சிட்டம்மா லீவர்மேல் கையை வைத்து நிற்பாள், அவன் 'விடு' என்பான், அவள் விடுவாள். கல்யாணம் என்று அய்யர் ஓதியதெல்லாம் என்ன, இதுதான் கல்யாணம் என்று ஒருதடவை டீக்கடையில் சொல்லி ஊரையே சிரிக்கவைத்தான். இப்போது ஆடி மாசத்திலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. இன்றைக்குத் தை ஒன்பது. நடுவில் மழை பெய்துகொண்டே இருந்ததால் என்ஜினுக்கு வேலை வரவில்லை, அந்தக் கை வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விடிந்து பார்க்கையில் ஒன்பது தட்டு உருளைக்கிழங்குச் செடியும் உப்பில் புரட்டி எடுத்தமாதிரி வெள்ளையாக நிற்கிறது.

பனி மட்டும் செடியைக் கொல்லாது, பனியோடு வெயில் சேரவேண்டும். இலைமேல் உறைந்து கிடக்கிறதன்மேல் வெயில் பட்டால் இலை வெந்துபோகும், மத்தியானத்துக்குள் கறுத்துத் தொங்கும், சாயங்காலம் வயலே சுடுகாட்டு நாற்றம் நாறும். அதற்கு முன்னால் தண்ணீர் தூவி வெள்ளையைக் கழுவிவிட்டால் தப்பித்தது. கொடைக்கானலுக்கு மேற்கே இந்த மேல்மலைப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. வெயில் வருகிற வழியும் தெரியும். எதிர்க் கரட்டுக்கு மேலே சூரியன் தலைகாட்டியதும் முதலில் உச்சியில் அந்தப் பாறை சிவக்கும், அப்புறம் ஒன்பதாம் தட்டு, எட்டாம் தட்டு என்று ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசியில் ஓடைக்கரையில் இந்தத் தகரக் கொட்டகைக்கு வரும். மேலே இருக்கிறவனுக்கு முதல் வெயில், கீழே இருக்கிறவனுக்குக் கடைசி வெயில், ரேஷன் கடையில் மட்டும்தான் இது மாறி நடக்கும். சிரிப்பு வரவில்லை. நாக்கு தன்பாட்டுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறது, பழக்கம். சத்தம் கேட்டு உதவிக்கு வர ஊரில் ஆளும் இல்லை. பதினாலு வீடும் காவடி தூக்கிக்கொண்டு பூசத்துக்குப் பழனிக்கு நடந்துவிட்டது, ஊரில் மிச்சம் இவன், அவள், ஊர்க்கோழிகள். வீடு அறுபது அடி தூரத்தில் இருக்கிறது. அடுப்புப் புகை ஓட்டுக்கு மேலே எழும்பமுடியாமல் கூரையிலேயே படுத்துக்கிடக்கிறது. அவள் இருமுவது கேட்கிறது. ஒருதடவை, ஏ பிள்ளெ இங்க வா என்று கூப்பிட்டால் போதும். கூப்பிட்டு அவள் வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது, அதுதான். கூப்பிடாதவரைக்கும் வந்தாலும் வருவாள் என்று இருக்கிறது.

இந்த என்ஜினுக்கு அவன் வைத்த பெயர் தாசில்தார். மூன்றுதடவை கும்பிட்டு, சூடாக ஏதாவது கொடுத்தால்தான் அசையும் என்பதற்காக. வாங்கிய புதிதில் மேல்மலை முழுக்க இதைப்பற்றித்தான் பேச்சு, பேச்சு முழுக்க அவன் அவிழ்த்துவிட்டது. ஒரு மார்கழியில் குளிர் எப்படி என்றால் அவனுடைய நிழல் தரையோடு ஒட்டிக்கொண்டு, கடப்பாரை போட்டுப் பெயர்த்தெடுத்துத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோனானாம். அன்றைக்குத் தாசில்தார் கிளம்பவே இல்லை, ஒரு காட்டெருமை ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வந்தது, பார்த்துப் பரிதாபப்பட்டு என்ஜினை நக்கு நக்கு என்று நக்கிச் சூடேற்றிக் கொடுத்துவிட்டுப் போனது, மறுநாள் கூலி கேட்டு வந்து வாசலில் நின்றது. மகன் அருள்பாண்டிக்கு அப்போது ஆறு வயது. அந்த எருமைக்கு என்னப்பா கூலி குடுத்த என்று கேட்டான். ஒரு கட்டு கேரட் இலை. அது பத்துமா என்றான். பத்தாதுன்னு சொல்லுச்சு, பாக்கிக்கு உன்னையக் கேட்டுச்சு, அம்மாதான் குடுக்கமாட்டேன்னுட்டா. சிட்டம்மா அடுப்படியிலிருந்து, பிள்ளைட்டப் பேசுற பேச்சா இது என்றாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவளுக்கு அந்தமாதிரி விளையாட்டு வேண்டாம். அம்மா குடுக்கமாட்டேன்னுட்டா. சரி, போதும், டீசலைப் பார்.

டீசலைப் பார்த்தான். கேனை ஆட்டினால் அடியில் திரி திரியாக, நெய் உறைகிற பதத்தில் என்னவோ மிதக்கிறது. அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை, குளிருக்கு டீசல் கெட்டிப்பட்டு பில்டரில் அடைத்திருக்கிறது. ஒரு டம்ளர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கினான். ராத்திரி அணையாமல் மூடி வைத்திருந்த கங்கைக் கிளறிக் கொட்டகைக்கு வெளியே மூன்று கல் கூட்டி, சருவத்தில் தண்ணீர் வைத்து, கொதி வருகிறதற்குள் பொறுமை இல்லாமல் எடுத்துக் குழாய்மேல், பில்டர்மேல், பம்ப்மேல் ஊற்றினான். ஆவி முகத்தில் அடித்தது. அந்த ஒரு நொடி முகம் இருப்பது தெரிந்தது. ஸ்பேனர் தொட்டால் விரல் தோல் ஒட்டிக்கொண்டு வருகிறது. காற்று வாங்கியிருந்தாலும் வாங்கியிருக்கும், ஆறு மாசம் சும்மா கிடந்த எந்திரம். பம்ப் பக்கத்துத் திருகைத் தளர்த்தி நெம்புகோலை அழுத்த அழுத்த டீசல் நுரைத்து நுரைத்து வந்தது, நுரை நின்று கம்பிமாதிரி வந்தது, திருகை இறுக்கினான். அடுத்தது நாசில். டீசலைப் புகையாகத் தூவுகிற அந்தச் சின்ன மூக்கு. அது அடைத்திருந்தால் தலைகீழாக நின்றாலும் கிளம்பாது, எந்த மெக்கானிக்கும் முதலில் அதைத்தான் கழற்றுவான். வேலப்பன் அதைத் தொடவில்லை. நாசிலில் ஒன்றும் இருக்காது. புது நாசில், போன மாசியில் வாங்கிப் போட்டது. போன மாசியில். சணல் எங்கே, சணல் இருந்தால் லீவரில் ஒரு முனையைக் கட்டி மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்ளலாம்.

கட்டினான். லீவர் தூக்கி நின்றது. சணலைக் கடைவாயில் இறுக்கிக்கொண்டு குனிந்து சுற்ற ஆரம்பித்தான், ஒன்று, இரண்டு, எண்ணெய் வெல்லப்பாகாக இருக்கிறது உள்ளே, ஒவ்வொரு சுற்றும் சேற்றிலிருந்து காலை உருவுகிறமாதிரி வருகிறது, ஏழு, எட்டு, இப்போது, தலையை வெட்டி இழுத்தான். லீவர் விழுந்தது, ஆனால் தலையை இழுத்த இழுப்பில் கை தளர்ந்துபோனது, சக்கரம் பாதியில் முட்டி நின்று ஹேண்டில் பின்னுக்கு அடித்தது, மணிக்கட்டில் விழவேண்டிய அடி விரலோடு போனது. வாயில் உப்புக் கரித்தது. துப்பிப் பார்த்தால் ரத்தத்தோடு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல். பல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான், இதை எப்படிச் சொல்லலாம், தாசில்தார் லஞ்சமாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டது என்று. யாரிடம் சொல்ல. பல்லை ஓட்டின்மேல் எறிய வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது, முதல் பல்லை எறிந்துவிட்டு அவன் அன்று முழுக்க ஓட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பாறையைப் பார்த்தான். கறுப்புதான். இல்லை, நுனியில் லேசான ஒரு செம்பு நிறம், கண் பொய் சொல்கிறதா. கண் எதற்குப் பொய் சொல்கிறது, அதற்குத்தான் வாய் இருக்கிறதே.

அந்தப் பாறைமேல் ஏறினால்தான் இந்த ஊருக்கு போன் எடுக்கும். சிட்டம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, ஏறமாட்டாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலப்பன் ஏறுவான், அவள் கீழே முதல் தட்டின் வரப்பில் நின்று கையை நெற்றிக்குமேல் வைத்து அண்ணாந்து பார்ப்பாள். அருள்பாண்டி போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தான், இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர், எல்லா ஊரிலும் பூமிக்குள் தண்ணீர் தேடுகிற வேலை. போன மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, விதைப்பூண்டு விஷயமாக யாரிடமோ பேசலாம் என்று ஏறியவனுக்கு அந்த போன் வந்தது. வேலப்பன்ங்களா, அருள்பாண்டி அப்பாங்களா, கொஞ்சம் மனசைத் தைரியப்படுத்திக்கோணுங்க. ரிக்கின் கம்பத்தைத் தூக்கும்போது மேலே போன மின்கம்பியில் பட்டுவிட்டது. நாகபுரிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். அவன் பாறையிலிருந்து இறங்கி வந்து, சிட்டம்மாவிடம், நாசில் போய்விட்டது, மதுரையில் கிடைக்காதாம், எங்கே கிடைக்குமோ அங்கே போய் வாங்கிவருகிறேன் என்று சொன்னான். கட்டுச்சோற்றுக்கு அவள் எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு போட்டுக் கொடுத்தாள். இரண்டு பகல் இரண்டு ராத்திரி ரயில். ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய பெட்டியின் கதவைத் திறந்தார்கள், உள்ளேயிருந்து குளிர் வந்தது. இதே குளிர். இன்றைக்குக் காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது இதுதான், அதனால்தான் வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டான், பனியைப் பார்த்து இல்லை. அவ்வளவு தூரம் கொண்டுவர முடியாது என்று அங்கேயே எரித்தார்கள். சாம்பலை வாங்கிக்கொள்ளப் பாத்திரம் எங்கே என்று ஒருத்தன் இந்தியில் கேட்டான். பாஷை புரியவில்லை, கேட்டது புரிந்தது. தூக்கை நீட்டினான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தான். உன் மகன் செத்துப்போயிட்டான். ரயிலோட்டத்தில் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தான். திண்டுக்கல்லில் இறங்கியதும் கால் தானாகக் கடைக்குப் போய் ஒரு நாசில் வாங்கியது. வாயில் வந்த பொய்யைக் காப்பாற்றக் கை காசு கொடுத்தது. விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் முதலில் இந்த ஓடைக்கு வந்தான். இது போய் அமராவதியில் சேர்கிற தண்ணீர், ஆறுதானே, போகட்டும் என்று பம்புக்காகக் கல் கட்டி மறித்த இந்தத் தேக்கத்தில் கரைத்தான். சாம்பல் கொஞ்சநேரம் மேலே நின்றது, பிறகு இல்லை. தூக்கைக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை, கொட்டகை மூங்கிலுக்குப் பின்னால் செருகினான். வாசலில் அவள் நின்றாள். நாசில் கெடச்சுச்சா என்றாள், கெடச்சுச்சு என்றான். தூக்கு எங்க என்றாள், பஸ்ஸில் விட்டுட்டேன் என்றான். தம்பி பேசுனானா என்றாள். தயார் பண்ணி வைத்த வாக்கியம் தொண்டைவரைக்கும் வந்தது. வாய், பேசுனான் என்றது. நல்லாருக்கானாம், குஜராத்தில் கடல் பக்கமாம், அங்கே கிணற்றில் உப்புத் தண்ணி வருதாம். எங்கிருந்து வந்தது அந்தக் கடல். அன்றைக்குச் சாயங்காலமே பூண்டு வாடுது, என்ஜினைப் போடுங்க என்று அவள் நின்றாள். புது நாசிலை மாட்டினான். அவள் லீவரில் கை வைத்தாள். விடு என்றான். விட்டாள். தேக்கத்துத் தண்ணீரெல்லாம் மேலே ஏறி, தட்டுத் தட்டாகச் சுற்றிச் சுற்றித் தூவியது. அவன் பார்க்காமல் இருக்க முயன்றான். வானவில் விழுந்திருந்தது.

எண்ணெய். எண்ணெய்தான் கெட்டி, அதை இறக்கிச் சுடவைத்து ஊற்றவேண்டும், முதலிலேயே செய்திருக்கவேண்டும், புத்தி எங்கேயோ போகிறது. அடித்திருகைக் கழற்றினான். எண்ணெய் கறுப்பாக, அவசரமே இல்லாமல் இறங்கியது. எதில் பிடிப்பது, சருவத்தில் தண்ணீர் இருக்கிறது, கை மூங்கிலுக்குப் பின்னால் போய் ஒரு பாத்திரத்தை உருவிக்கொண்டு வந்து கீழே வைத்தது, எண்ணெயைப் பிடித்தது, கங்கின்மேல் வைத்தது. என்ன பாத்திரம் என்று கை பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. பாறை சிவந்துவிட்டது. இப்போது சந்தேகம் இல்லை, அடுப்பிலிருந்து எடுத்த செங்கல்மாதிரி இருக்கிறது. அந்தப் பாறைமேல் உட்கார்ந்து, செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, மாசியிலிருந்து ஆடிவரைக்கும் இருபது ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் அவன் தன் மகனோடு பேசியிருக்கிறான். கீழே ஒருத்தி பார்க்கிறாளே என்று கையை ஆட்டி, தலையை ஆட்டி, சிரித்து. முதலில் அவளுக்காகத்தான். பிறகு பார்த்தால் சனிக்கிழமை ராத்திரி அவனுக்கே தூக்கம் வராது, நாளைக்கு என்ன சொல்லுவானோ பையன் என்று. துறைமுகத்தில் இரும்பு யானைகள் கப்பலுக்குக் கப்பல் பெட்டி மாற்றுவதைச் சொன்னான், ஒட்டகப்பாலில் டீ போடுவதைச் சொன்னான், உடன் வேலைபார்க்கிற பையன் ஒருத்தன் தூக்கத்தில் பேசுவதைச் சொன்னான். பாறையில் ஏற ஏறப் பையன் சம்பளம் கூடியது, மேல் கொஞ்சம் சதை பிடித்தது, அம்மா கைச் சோற்றுக்கு ஏங்கினான். ஒருநாள், பொண்ணு பார்க்கட்டுமான்னு கேளுங்க என்று அவள் சொன்னாள். கேட்டேன், ரெண்டு வருசம் போகட்டுங்கிறான் என்று இறங்கி வந்து சொன்னான். அவள் வெட்கப்பட்டமாதிரி சிரித்தாள், மருமகளே வந்துவிட்டமாதிரி.

மாட்டில்தான் மாட்டிக்கொண்டான். ஆடி இரண்டாவது ஞாயிறு, சொல்வதற்கு அன்றைக்குச் சரக்கு குறைவு. அவள் முறத்தில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். செவலை கண்ணு போட்டுருச்சான்னு கேட்டான் என்றான். பீன்ஸ் உரித்த விரல் நின்றது. செவலைப் பசு செத்து மூன்று வருஷம், குழி தோண்டிப் புதைத்ததே அருள்பாண்டிதான், புதைத்துவிட்டு இரண்டுநாள் சாப்பிடாமல் கிடந்தவன். பொய் எப்படி வாழும், சின்னச் சின்ன நிஜத்தைக் கடித்துத்தான் வாழும், அன்றைக்குத் தப்பான நிஜத்தைக் கடித்துவிட்டது. அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அழுதால் சொல்லியிருப்பான், கேட்டால் சொல்லியிருப்பான். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவனுக்குச் சோறு ஜன்னல் திண்டில் வைக்கப்பட்டது. பக்கத்து வீட்டு மொக்கையன் பெண்சாதியிடம் மட்டும், கிழங்கு எடுக்கவும் வத்தலக்குண்டுக்கு எங்கண்ணன் வீட்டோட போயிருவேன் என்று சொன்னாளாம். தகரப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து சுவரோரம் இருக்கிறது. ஆக, கிழங்கு எடுக்க இன்னும் நாற்பது நாள். செடி நின்றால் நாற்பது நாள். செடி இன்றைக்குக் கறுத்தால் மத்தியான பஸ். இதைத்தான் அவன் சுற்றிக்கொண்டிருக்கிறான், என்ஜினை இல்லை.

சூடான எண்ணெயை ஊற்றி மூடினான், காலிப் பாத்திரத்தைக் கங்கின்மேலேயே திரும்ப வைத்தான். என்ஜின் காற்றிழுக்கிற வாயில் எரிகிற துணியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான், சுற்ற ஒரு கை, துணிக்கு ஒரு கை, லீவருக்குக் கை ஏது. ஒன்பதாம் தட்டில் வெயில் இறங்கிவிட்டது. வெள்ளையெல்லாம் மினுங்க ஆரம்பித்திருக்கிறது, பார்ப்பதற்கு என்ன அழகு, ஆவி கிளம்புகிறது. இனி நாசில் ஒன்றுதான் பாக்கி. அதையும் கழற்றினான். குழாயில் மாட்டி நெம்பினால் நான்கு துளையிலும் மெல்லிய புகையாகப் பிரிந்து தூவியது, குளிரில் பேசுகிறவன் வாயிலிருந்து வருமே அந்தமாதிரி. அதில் ஒரு குற்றமும் இல்லை. டீசலில் இல்லை, காற்றில் இல்லை, எண்ணெயில் இல்லை. எந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. இல்லாதது அந்த ஒரு கை. திரும்ப மாட்டி இறுக்கிவிட்டு நிமிர்ந்தான், கூப்பிட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தான். ஆறு மாசமாகக் கூப்பிடாத பெயர் பல் போன ஓட்டையில் சிக்கிக்கொண்டது. அப்போதுதான் பின்னால் வரப்பில் உறைந்த புல் நொறுங்குகிற சத்தம்.

சிட்டம்மா கொதிக்கிற தண்ணீர்க் குண்டானைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்காலை மடக்காமல், பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து. அவனைப் பார்க்கவில்லை. குண்டானை என்ஜின் தலைமேல் நிதானமாக ஊற்றினாள், லீவரைத் தூக்கினாள், கையை அதன்மேல் வைத்தாள். வேலப்பனுக்குக் கண் எரிந்தது, புகை. ஹேண்டிலைச் சொருகினான், சுற்றினான், சூட்டுக்கு எண்ணெய் இளகி சக்கரம் வழுக்கிக்கொண்டு வந்தது, பத்து, பன்னிரண்டு, பிடித்தது வேகம், விடு என்றான். அவள் விடவில்லை. விடு என்றான் மறுபடி. கை அப்படியே இருந்தது. சக்கரம் வேகம் இழந்து, ஆடி, நின்றது. அவள் கண் கொட்டகைக்கு வெளியே கங்கின்மேல் இருந்தது. கங்கின்மேல் தூக்கு இருந்தது. அடி கறுத்து, விளிம்பில் எண்ணெய் வழிந்து, மூடிக் கொக்கியில் அவள் பெயரின் முதலெழுத்தோடு.

"பழனிக்கு இந்த வருசம் நீங்க போகல" என்றாள். ஆறு மாசத்துக்கு அப்புறம் வந்த குரல் அடைத்துப்போயிருந்தது. "தோள்வலின்னு சொன்னீக. இந்தத் தோளோட எட்டு வருசம் காவடி எடுத்தவுக. உங்க அய்யா செத்த வருசம் போகல, அதவிட்டா இந்த வருசந்தான் போகல."

மலை ஏறக்கூடாது. வீட்டில் சாவு விழுந்த வருஷம் மலைக்கோயில் ஏறக்கூடாது. ஊரையே ஏய்த்தவன், பாறையில் உட்கார்ந்து செத்தவனைச் சிரிக்கவைத்தவன், முருகனிடம் மட்டும் அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு போகத் துணியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் இருந்திருக்கிறாள். ஆடியிலிருந்து சந்தேகம், தையில் நிச்சயம். எட்டாம் தட்டில் வெயில்.

"எங்க கரைச்சீக?"

ராமேஸ்வரம். உடனே வந்து நின்றது, கூப்பிடாமலே. ராமேஸ்வரம், கடல் தட்டு மாதிரி கிடந்தது, ஆறு விரல்காரப் புரோகிதர் ஒருத்தர், நம்ம பையன் பெயரைக் கேட்டதும் அவர் கண்கூடக் கலங்கியது, ஒரு வெள்ளைப் பறவை வந்து பிண்டத்தை எடுத்தது. எவ்வளவு நல்ல கதை. அவள் காலத்துக்கும் அந்தக் கடலை நினைத்துக்கொண்டு இருக்கலாம், பொய் என்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது, இரண்டே வாக்கியம், சொன்னால் அவள் கை விட்டுவிடும், தண்ணீர் ஏறும், ஏழு தட்டு பிழைக்கும். நாக்கு ஈரமாகிவிட்டது. அவள் கையைப் பார்த்தான். லீவரின்மேல், தோல் வெடித்து, சூட்டுத்தண்ணீர் பட்டு ஒரு விரல் சிவந்து.

"இங்கதான்" என்றான். தாடையால் தேக்கத்தைக் காட்டினான்.

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஓரத்தில் கண்ணாடித் தகடாக உறைந்திருந்தது, நடுவில் கறுப்பாக அசைந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவனுக்குத் தெரியாது, ஏழாம் தட்டின் மேல்வரிசை மினுங்கியது தெரியும்.

"அன்னைக்குச் சாயங்காலம் பூண்டுக்கு விட்டமே" என்றாள்.

"ஆமா."

அந்தப் பூண்டைத்தான் வீட்டு உபயோகத்துக்கென்று நாலு கொத்து அடுப்புக்குமேல் கட்டி வைத்தாள். இன்றைக்கு வரைக்கும் ரசத்துக்குத் தட்டிப் போடுவது அதைத்தான். அவளுக்கும் அது நினைவு வந்திருக்கவேண்டும், முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். லீவரைத் தூக்கினாள்.

"சுத்துங்க."

சுற்றினான். தோள், முதுகு, பல் போன தாடை எல்லாம் சேர்ந்து சுற்றியது. சக்கரம் இரைந்தது. சொல்லவேண்டிய நேரம் வந்தது, சொல் வரவில்லை. இவ்வளவு சொல் வைத்திருந்தவனுக்கு இரண்டெழுத்து வரவில்லை. கை ஓய்கிறது, அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இந்த ஆறு மாசத்தில் முதல்தடவையாக.

"சொல்லுங்க" என்றாள்.

"விடு."

விட்டாள். தாசில்தார் ஒருதடவை இருமியது, கூரைத் தகரம் அதிர வெள்ளைப் புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. குழாய்கள் துடித்தன. மேலே ஒவ்வொரு தட்டிலும் தூவல் குழாய் காற்றைத் துப்பி, துரு நீரைத் துப்பி, சுழல ஆரம்பித்தது. ஒன்பதும் எட்டும் போய்விட்டது, இங்கிருந்தே தெரிகிறது, இலை கவிழ்ந்துவிட்டது, ஏழில் பாதி. ஆறிலிருந்து கீழே வெள்ளை கரைந்து பச்சை திறந்தது. சிட்டம்மா கொட்டகையை விட்டு வெளியே போனாள். வீட்டுப் பக்கம் போகிறாள் என்று நினைத்தான், தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. அவள் முதல் தட்டின் வரப்பில் ஏறினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்பாளே அந்த இடம். தண்ணீர் சுற்றி வந்து அவள்மேல் அடித்தது, போய் மறுபடி வந்து அடித்தது. முக்காடு போடவில்லை. இரண்டு கையையும் குவித்து ஏந்தினாள், நிறைந்ததைப் பார்த்தாள், முகத்தில் அப்பிக்கொண்டாள், மறுபடி ஏந்தினாள். இந்தக் குளிரில் நெஞ்சு பிடித்துக்கொள்ளும், நிறுத்தவேண்டும், நிறுத்தினால் செடி போகும், அதற்காக இல்லை, நிறுத்தினால் அவள் ஏந்துகிற கையில் ஒன்றும் விழாது. வேலப்பன் கை நிறுத்துகிற கம்பிமேல் இருந்தது. எப்போதும் எதையாவது பார்த்தால் உள்ளே ஒருத்தன் அதற்கு வால் ஒட்டத் தொடங்கிவிடுவான், அவன் இன்றைக்குச் சத்தமே காட்டவில்லை. வெயில் இறங்கி அவள்மேல் வந்தது, போன மாசியில் விழுந்தமாதிரியே வானவில் விழுந்தது. அவள் வெளியே வரவில்லை. அவன் நிறுத்தவும் இல்லை.